வென்றால் நாம், தோற்றால் அவர்கள்

புதுச்சேரி நகரின் தென்புறத்தே அமைந்தது உப்பளம். உப்போடு தொடர்புடைய நிலம் என்பதை அதன் பெயரே அறிவிக்கும். இன்று அப்பெயரைக் கேட்டதும் நகர மக்களின் நினைவுக்கு வருவது அங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கம்தான். அஸர் தொழுதுவிட்டு அவ்வழியே காலாற நடப்போர், பந்தின் பின்னே ஓடும் சிறுவர்களைக் காணாமல் திரும்புவது அரிது.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பகுதியில் நாம் நடந்தபோது, சிறுவர்கள் இரு நிறங்களாகப் பிரிந்து நின்றனர். வெள்ளையும் வெளிர்நீலமும் கலந்த அர்ஜென்டினாச் சட்டை ஒருபுறம். பிரான்சு நாட்டின் கருநீலச் சட்டை மறுபுறம். அன்றிரவு எட்டரை மணிக்குக் கத்தார் நாட்டின் லுசைல் அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடைபெற இருந்தது. "நாங்கதான் ஜெயிப்போம்" என்று இரு தரப்பாரும் ஒரே வாசகத்தைக் கூறிக்கொண்டிருந்தனர்.

மறுநாள் காலையில் அதே வழியே சென்றோம். அர்ஜென்டினாச் சட்டைகள் முந்தைய மாலையைவிடப் பெருகியிருந்தன. கருநீலச் சட்டைகளையோ தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. 'நாங்கள்' என்று முழங்கிய அதே பிள்ளைகள், "அவனுங்க சரியா ஆடலை" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

ஓரிரவில் 'நாங்கள்' எவ்வாறு 'அவர்கள்' ஆயிற்று? இந்தச் சிறிய கேள்வி விளையாட்டுத் திடலோடு நின்றுவிடவில்லை. நம் வீடு, நம் சமுதாயம் ஆகியவற்றின் வாசல்வரை அது நம்மைப் பின்தொடர்ந்து வந்தது. அதனையே இக்கட்டுரையில் வாசக நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

புதுச்சேரிக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் நீங்கியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் இந்நகரில் வாழ்கின்றனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவும் அவ்வாறே இரு நாடுகளில் கால் ஊன்றியவை. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாளைப் பிரெஞ்சுத் தேசிய நாளாகக் கொண்டாடும் வழக்கம் இங்கு உண்டு.

2018ஆம் ஆண்டில் அந்நாளுக்கு மறுநாளே, ஜூலை 15 அன்று, மாஸ்கோவில் பிரான்சு 4-2 என்ற கோல் கணக்கில் குரோஷியாவை வென்று உலகக் கோப்பையைப் பெற்றது. அப்போது புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி அவர்கள், முன்னாள் பிரெஞ்சுப் பகுதியினராகிய புதுச்சேரி மக்களே உலகக் கோப்பையை வென்றுவிட்டதாகப் பொருள்படும் வாழ்த்தொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதைக் கண்டு சிலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். நம்மை அடக்கியாண்ட நாட்டின் வெற்றி நம் வெற்றியாவது எங்ஙனம் என்று கேட்டனர். இது அடிமை மனப்பான்மையின் எச்சம் என்றனர்.

அவ்வாழ்த்து சரியா, தவறா என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ இரண்டு உண்டு. 'நாம்' என்றால், எதிரே நின்று கேட்பவரும் அதில் அடக்கம். இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கணத்தார். 'நாங்கள்' என்றால், கேட்பவர் வெளியே நிற்கிறார். ஆகவே 'வென்றோம்' என்று சொல்லும் தமிழன் ஒவ்வொருவனும், தன்னோடு யாரைச் சேர்த்துக்கொள்கிறான், யாரை விலக்குகிறான் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். பிறமொழியார் மறைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை நம் மொழி வெளிப்படுத்திவிடுகிறது.

இனி அடிப்படையான ஐயம் ஒன்றுக்கு வருவோம். எங்கோ ஆடும் பதினொருவரின் வெற்றி தோல்வியில் நம் இன்பத்தையும் துன்பத்தையும் கொண்டுபோய் வைப்பது முறைதானா?

2022 நவம்பரில் அண்டை மாநிலமான கேரளத்தில் இக்கேள்வி எழுந்தது. கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடியிலும் நெய்மாருக்கு 40 அடியிலும் உருவப் பலகைகள் நிறுத்தப்பட்டன. அம்மாதத்தில் சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் குத்பா கமிட்டியினர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். விளையாட்டை இரசிப்பது வேறு, ஆட்டக்காரர்களை வழிபடும் அளவுக்குச் செல்வது வேறு. இரவு விழித்துத் தொழுகையைப் பாழாக்குவதும், இல்லாத பணத்தை உருவப் பலகைகளில் கொட்டுவதும் முஸ்லிமுக்கு அழகல்ல என்பது அதன் கருத்து. அதன் மீதும் வாதங்கள் எழுந்தன. எனினும், தொழுகையும் வீண்விரயமும் பற்றிய அந்த அறிவுரையை எளிதில் தள்ளிவிட முடியாது. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவதைப் பற்றியோ பேச்சுக்கே இடமில்லை. அது திருமறை தடுத்த சூது.

இவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் மகிழ்ச்சி. அதுவும் பழிக்கத்தக்கதா? பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மதீனத்துப் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியதையும், பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மறைப்பாக நின்று, அவர்களே போதும் என்று சலித்துக்கொள்ளும்வரை அதைக் காண விட்டதையும் நாம் அறிவோம். இன்னும் ஒன்று. பாரசீகரிடம் ரோமர் தோற்ற செய்தி மக்காவை எட்டியபோது, சிலைவணக்கத்தார் களித்தனர். வேதமுடையோர் தோற்றனரே என்று முஸ்லிம்கள் வருந்தினர். தாங்கள் காணாத நிலத்தில், தாங்கள் கலந்துகொள்ளாத போரில் ஏற்பட்ட தோல்விக்காகவே அவ்வருத்தம். அதற்காக அவர்களை இறைவன் கடிந்துகொள்ளவில்லை. ரோமர் மீண்டும் வெல்வர் என்றும், அந்நாளில் நம்பிக்கையாளர்கள் மகிழ்வர் என்றும் 'அர்ரூம்' அத்தியாயத்தில் ஆறுதல் அருளினான்.

எனவே பிறர் வெற்றியில் மகிழ்வது மனித இயல்பு; இயல்பை மார்க்கம் அழிக்க வரவில்லை, ஒழுங்குபடுத்தவே வந்தது. குற்றம் மகிழ்ச்சியில் இல்லை என்றால், வேறெங்கே இருக்கிறது? ஆட்டத்துக்கு முன் நாம் சொல்வதற்கும் ஆட்டத்துக்குப் பின் நாம் செய்வதற்கும் இடையே இருக்கிறது.

ஆட்டத்துக்கு முன் உறவு கொண்டாடுவதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு சட்டையை அணிந்துகொண்டால் போதும். உலகின் சிறந்த வீரர்கள் நம் உறவினர்கள். ஆட்டம் முடிந்த பிறகே அந்த உறவுக்கு விலை கேட்கப்படுகிறது. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய துணைவர்களும் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழு பல்கலைக்கழகங்களில் அவர்கள் கண்டது இது: தம் பல்கலைக்கழக அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமைகளில் அதன் பெயரும் சின்னமும் பொறித்த ஆடைகளை மாணவர்கள் மிகுதியாக அணிந்து வந்தார்கள். வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது தம்மையும் அணியோடு சேர்த்துக்கொண்டு பேசுவது மிகுந்தது. வெல்லாத ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அது குறைந்தது. உப்பளத்துத் தெருவில் நாம் கண்ட காட்சி உலகெங்கும் உள்ளதுதான்.

சட்டையைக் கழற்றி வைப்பதோடு முடிந்தால் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்துவிடலாம். ஆனால் தோல்வி ஒரு பலியாளைத் தேடுகிறது. லுசைலில் அன்று 79 நிமிடங்கள் வரை இரண்டு கோல்கள் பின்தங்கி நின்ற பிரான்சு, எம்பாப்பேயின் காலால் இரண்டு நிமிடங்களுக்குள் சமநிலை கண்டது. கூடுதல் நேர முடிவில் கணக்கு 3-3. பெனால்டி உதைகளில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றது. கிங்ஸ்லி கோமானின் உதையைக் கோல்காப்பாளர் தடுத்தார். ஒரேலியன் சுவாமெனியின் உதை கம்பத்துக்கு வெளியே சென்றது. சிலமணி நேரத்துக்குள் அவ்விருவர் மீதும் நிறத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தது. மாலைவரை 'நம் பிள்ளைகள்' என்று கொண்டாடப்பட்டவர்கள், நள்ளிரவில் அந்நியர்கள்!

இது ஒரு நாட்டின் குற்றமன்று. 1950 ஜூலை 16 அன்று ரியோ நகரின் மரக்கானா அரங்கில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 எனத் தோற்றது. அந்த இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறியவர் என்று கறுப்பினத்தவரான கோல்காப்பாளர் மொவாசிர் பார்போசாவைப் பிரேசில் மக்கள் மன்னிக்கவேயில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் அன்று மிக உயர்ந்த சிறைத்தண்டனையே முப்பது ஆண்டுகளாகத்தான் இருந்தது. தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்துவருவதாக வருந்தியபடியே அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். 1994இல் அமெரிக்காவுடன் நடந்த ஆட்டத்தில் 'சேம் சைடு கோல்' போட்டுவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரெஸ் எஸ்கோபார், பத்து நாள்களில் தம் சொந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெர்மனியில் பிறந்து, 2014இல் அந்நாட்டுக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத்தந்த அணியில் ஆடிய துருக்கி வமிசத்து முஸ்லிம் மெசூத் ஓசில், 2018 ஜூலையில் நாட்டு அணியைவிட்டு விலகினார். வென்றால் ஜெர்மானியர், தோற்றால் குடியேறி வந்தவர் என்று தம்மை நடத்துவதாக அவர் மனம் நொந்து அறிக்கை விட்டார்.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் இந்திய அணி பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொருவரும் சேர்ந்து தோற்ற ஆட்டம் அது. ஆனால் ஒருவரை மட்டும், முகம்மது ஷமியை மட்டும், அவருடைய மார்க்கத்தைச் சுட்டிக் காட்டித் தூற்றியோர் பலர். அணித்தலைவர் விராட் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்து அவருக்குத் துணைநின்றதையும் இங்கு நன்றியோடு பதிவு செய்யவேண்டும். வெற்றி நாளில் 'நாம்' என்ற சொல்லுக்குள் இருந்தவன், தோல்வி நாளில் வெளியே தள்ளப்படும்போது அவன் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை நம் சமுதாயத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு கடினமான கேள்வியை நம்மை நோக்கியே திருப்புவது நேர்மை. நமக்குச் செய்யப்படும்போது வலிக்கும் இதே செயலை நாம் பிறருக்குச் செய்வதில்லையா?

'அஸபிய்யத்' என்னும் குலவெறியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். அப்படியாயின் தன் கூட்டத்தாரை நேசிப்பதும் அஸபிய்யத்தா என்று வினவப்பட்டபோது, இல்லையென்று விடையளித்தார்கள். தன் கூட்டத்தார் செய்யும் அநீதிக்குத் துணைபோவதே அஸபிய்யத் என்று எல்லை வகுத்தார்கள். 'முகத்திமா' என்னும் நூலில் இப்னு கல்தூன் அவர்கள், அரசுகளை எழுப்புவதே இந்தக் கூட்டுணர்வுதான் என்று விரித்துரைத்திருக்கிறார்கள். ஆக, கூட்டுணர்வு தன்னளவில் நோயன்று. நோய்க்கு இரண்டு முகங்கள். தவறு செய்யும்போதும் தன்னவன் என்பதற்காகத் தாங்குவது ஒன்று. தவறிப்போனான் என்பதற்காகத் தன்னவனையே அந்நியனாக்குவது மற்றொன்று. முதலாவதை நாம் அடிக்கடி கண்டிக்கிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் கவனிப்பதேயில்லை. அநீதி என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

தோல்வியை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு நபிகள் நாயகத்தின் (ஸல்) வாழ்விலேயே ஓட்டப்பந்தயச் சான்று ஒன்று உண்டு. அவர்களிடம் 'அள்பா' என்ற பெண் ஒட்டகம் இருந்தது. எந்த ஒட்டகமும் அதனை முந்தியதில்லை என்பது தோழர்களின் பெருமை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தின் மீது வந்து அதை முந்திச் சென்றுவிட்டார். தோழர்களுக்கு அது பெருந்துயராக இருந்தது. அவர்களுடைய முகங்களில் அதைக் கண்ட அண்ணலார் (ஸல்) ஒட்டகத்தைக் குறைகூறவில்லை, வென்றவரைப் பழிக்கவில்லை, தோழர்கள் வருந்தியதையும் ஏளனம் செய்யவில்லை. இவ்வுலகில் உயர்ந்த எதனையும் ஒருநாள் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று மட்டுமே உணர்த்தினார்கள். தோற்ற பின்னும் அள்பா அவர்களுடைய ஒட்டகமாகவே இருந்தது.

போரும் விளையாட்டும் ஒன்றாகா. எனினும் உஹதுக் களத்தை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. குன்றின் மீது நிறுத்தப்பட்ட வில்லாளர்களுள் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதென எண்ணி இடம்விட்டு அகன்றதால் ஏற்பட்ட இழப்பு, பெனால்டி உதை தவறியதைப் போன்ற இழப்பன்று. ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட எழுபதின்மர் ஷஹீதாயினர், பெருமானாரே காயமுற்றார்கள். அதன்பின் இறங்கிய திருவசனங்களின் கருத்து யாது? அவர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பிழைபொறுக்க வேண்டுமாறும், அதன்பின் காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும் இறைவன் தன் தூதருக்குப் பணித்தான். மன்னிப்பு மட்டுமாயின், அது பெரியவர் சிறியவருக்கு இடும் பிச்சையாகக்கூட இருக்கலாம். ஆலோசனைக்கு மீண்டும் அழைப்பதோ, 'நீ இன்னும் நம்முள் ஒருவன்' என்று சொல்வதாகும். தவறியவனை 'நாம்' என்ற சொல்லுக்குள் திரும்ப அழைத்துவரும் பண்பாடு அது.

அந்தப் பண்பாட்டின் சாயலை அதே 2022ஆம் ஆண்டில் உலகம் கண்டது. உலகக் கோப்பையின் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியும் முதல் அரபு அணியுமான மொராக்கோ, டிசம்பர் 14 அன்று பிரான்சிடம் 2-0 எனத் தோற்றது. தோற்ற அத்திடலிலேயே அவ்வணியினர் தம் மக்களின் முன் ஸஜ்தாவில் வீழ்ந்தனர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் அவர்களுக்குத் தோல்வியே. ஆயினும் டிசம்பர் 20 அன்று அவர்கள் ரபாத் நகருக்குத் திரும்பியபோது வீதியெங்கும் மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர். மன்னர் வீரர்களை அவர்களுடைய தாய்மாரோடு அழைத்துச் சிறப்பித்தார். 2018இல் இறுதி ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிய குரோஷிய அணியையும் ஸாக்ரெப் நகரில் பல இலட்சம் மக்கள் கூடி வரவேற்றனர். அந்நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ நாற்பது இலட்சம்தான். கோப்பையில்லாமல் வந்தவர்களையும் 'நம்மவர்' என்று அழைக்கும் மனம் படைத்த மக்கள் உலகில் இல்லாமற் போகவில்லை.

இப்போது நம் இல்லங்களுக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தேர்வில் பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால் தந்தையார் ஊரெல்லாம் "என் மகன்" என்கிறார். தவறிவிட்டாலோ, வீட்டுக்குள் வந்து மனைவியிடம் "உன் மகன் செய்த காரியத்தைப் பார்த்தாயா?" என்கிறார். நாம் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகும் வழக்கம்தான் இது. ஆனால் வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை சிரிப்பதில்லை. வெளிநாடு சென்று பொருளீட்டி வருபவரை விமான நிலையம்வரை சென்று அழைத்துவரும் சுற்றம், தொழில் முறிந்து வெறுங்கையோடு வருபவரின் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் வந்து அமர்கிறது? மணவாழ்வு முறிந்து தாய்வீடு திரும்பிய பெண்ணை ஜமாஅத்தின் எத்தனை குடும்பங்கள் பழைய முகத்தோடு விருந்துக்கு அழைக்கின்றன? ஆட்டம் முடிந்த மறுநாள் சட்டையைக் கழற்றி மடித்து வைத்த சிறுவனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? அவன் கழற்றியது சட்டையை. நாம் கழற்றிவிடுவது மனிதர்களை.

ஆதலின், பிள்ளைகள் கால்பந்து பார்ப்பதைப் பற்றிக் கவலைகொள்ளும் பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். தொழுகை தவறாதிருக்கட்டும், பணம் விரயமாகாதிருக்கட்டும். அதற்குமேல், இறுதி ஆட்டம் நடக்கும் இரவைவிட அதன் மறுநாள் காலை நம் கவனத்துக்குரியது. வென்ற அணியின் பிள்ளை தோற்ற அணியின் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறான்? தோற்ற அணியின் பிள்ளை, உதை தவறிய வீரனைப் பற்றி என்ன சொல்கிறான்? தவறிப்போனதற்காகத் துவண்டுவிடாமலும் கிடைத்ததற்காகச் செருக்கடையாமலும் இருக்கும் நிலையைத் திருமறை நமக்குக் கற்பிக்கிறது. அதை வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆட்டத்தின் மறுநாளைவிட ஏற்ற நேரம் வாய்ப்பதரிது. ஆனால் பேசுமுன், நம் வாயில் 'என் மகன்', 'உன் மகன்' என்ற பிரிவினை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த டிசம்பர் மாதத் திங்கட்கிழமைக் காலையில் உப்பளத்து விளையாட்டரங்கின் அருகே கருநீலச் சட்டைகளைத் தேடவேண்டியிருந்தது என்றோம். ஒன்றைக் கண்டோம். பன்னிரண்டு வயது இருக்கலாம். தோழர்கள் கேலி பேசிக்கொண்டிருக்க, அவன் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். தோற்ற அணியின் சட்டையை இன்றும் அணிந்திருக்கிறாயே என்று கேட்டோம். அவன் எங்கள் கேள்வியின் பொருளே விளங்காதவனாகப் பார்த்து, "நேத்தும் இதத்தானே போட்டிருந்தேன்" என்றான்.

அவனுக்கு இதில் விளக்க வேண்டியது ஏதுமிருக்கவில்லை. நேற்று யாரோடு நின்றானோ அவர்களோடு இன்றும் நிற்கிறான், அவ்வளவே. அவனுடைய எளிய நேர்மையை நம் இல்லங்களுக்கும் சமுதாயத்துக்கும் இறைவன் அருள்வானாக!